டெல்மர் அறுத்த கூரை

டெல்மர் உன்ரூ கெட்டவன் என்று ஹாஸ்கின் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லும்படி என்ன செய்துவிட்டான்? தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்காருகிறான். யார் எதைக் கேட்டாலும் முகம் கோணாமல் தலையாட்டுகிறான். ஆனால் தலையாட்டியதில் பாதிதான் நடக்கும். பக்கத்து வீட்டு வேலிக்கு வெள்ளையடித்துத் தருகிறேன் என்றவன், தெருவைப் பார்த்த பக்கத்தை மட்டும் அடித்துவிட்டுத் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டான். தெருவில் போகிறவர்கள் பாராட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள்தான் பாவம். அவன் மனைவி மார்னிக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

ஐம்பது தாண்டிய பிறகு அவனுக்கு ரேட் ராட் பைத்தியம் பிடித்தது. ஒரு பழைய பிக்கப்பைப் பிடித்து, துருவைத் துருவாகவே விட்டு, உடம்பைத் தரையோடு தாழ்த்தி, அகப்பட்ட இரும்பையெல்லாம் ஒட்டி ஓட்டுகிற பைத்தியம். கான்சாஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே ஊருக்குப் பத்துப் பேருக்காவது இது உண்டு. பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொண்டு வருகிறவனைக் கண்டால் இந்தக் கூட்டத்துக்கு இளக்காரம். கடையில் வாங்கியவன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், குப்பையில் பொறுக்கியவன் மார்தட்டலாம். அதுதான் அவர்கள் சட்டம்.

டெல்மருக்குக் குப்பையில் கிடைத்ததல்ல, ஆர்லின் வோத்திடம் கிடைத்தது. ஆர்லின் ஒரு காலத்தில் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் காற்றாலைகளைப் பழுது பார்த்தவர். ஆறடி நாலு அங்குலம். எண்பதை நெருங்கிய வயதிலும் கூட்டத்தில் அவர் தொப்பிதான் முதலில் தெரியும். ஒருமுறை காற்றாலையின் உச்சியிலிருந்து விழுந்ததில் முதுகெலும்போடு இரும்புக் கம்பி வைத்துத் தைத்துவிட்டார்கள். அதனால் உட்கார்ந்தாலும் நின்றாலும் முதுகு விறைப்பாகத்தான் இருக்கும். கண் மங்கியதும் மகள் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். அவருடைய ஐம்பத்தொன்றாம் வருடத்து ஷெவர்லே பிக்கப், தொழுவத்துக்குப் பின்னால் புல்லுக்குள் நின்றது. கதவில் ‘வோத் காற்றாலைப் பழுது’ என்று அவர் கையாலேயே எழுதிய எழுத்து, வெயிலில் வெளுத்தும் அழியாமல் இருந்தது.

டெல்மர் போய்த் தயங்கித் தயங்கி விலை கேட்டான்.

“காசெல்லாம் வேணாம் தம்பி, எடுத்துட்டுப் போ” என்றார் ஆர்லின். “ஒண்ணே ஒண்ணு. ஓட ஆரம்பிச்சதும் கோதுமைத் திருவிழா ஊர்வலத்துல என்னை ஒரு தடவை முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகணும். இந்த வண்டியில உக்காந்து ஊரை ஒரு வாட்டி பார்த்துடணும்.”

“இதென்ன பெரிய விஷயம்? உங்களுக்கில்லாத சீட்டா?” என்றான் டெல்மர். சொன்னபோது மனதாரத்தான் சொன்னான். அதில் சந்தேகமில்லை.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் வேலை நடந்தது. உடைத்துப்போட்ட ஒரு வேனிலிருந்து என்ஜின், கழித்துப்போட்ட பள்ளிக்கூடப் பேருந்திலிருந்து சீட்டு, பழைய டிராக்டரின் முகப்பு, பெட்ரோல் டாங்குக்குப் பதில் ஒரு பீர் பீப்பாய். பின்பக்கத் தொட்டியைப் பாதியாக வெட்டிச் சுருக்கினான். கதவு எழுத்தை மட்டும் கண்ணாடிப் பாத்திரம்போலக் காப்பாற்றினான். அந்தக் கூட்டத்தில் நிஜமான பழைய எழுத்துக்கு இருக்கிற மரியாதை தங்கத்துக்குக் கிடையாது.

வசந்தத்தில் வண்டியை முதல்முறையாக டயர் கடை வாசலுக்கு ஓட்டிப் போனான். சனிக்கிழமை காலையில் இவர்கள் கூடுகிற இடம் அது. எல்லாரும் எழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். டெல்மருக்கு உச்சி குளிர்ந்தது. அப்போதுதான் ட்ராய் வாயைத் திறந்தான். இந்தக் கூட்டத்தில் மூத்த வண்டிக்காரன் அவன், நாக்கில் விஷம்.

“எல்லாம் சரிடா டெல், தலையில ஏன் பானையைக் கவுத்து வெச்சிருக்கே?”

“பானையா?”

“கூரையைச் சொல்றேன். கூரை அறுக்காத ரேட் ராடை எங்கயாச்சும் பார்த்திருக்கியா? இது உங்க தாத்தா முட்டை விக்கப் போற வண்டிடா!”

எல்லாரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தான், அவனுக்குச் சிரிக்காமல் நிற்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து, அறுத்துக் கூரையைத் தாழ்த்துவதற்காக வண்டியின் கூரைத் தூண்களில் டேப் ஒட்டி அளவு குறித்தான். உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தான். டெல்மர் குள்ளம். ஐந்து அங்குலம் அறுத்தாலும் அவன் தலைக்கு மேல் நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது.

துணிக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த மார்னி நின்று பார்த்தாள்.

“ஆர்லின் எப்படி உக்காருவாரு?”

“ஒரு மைல்தானே. கொஞ்சம் குனிஞ்சுக்குவாரு.”

“அந்த மனுஷன் முதுகுல கம்பி இருக்கு டெல். குனியச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இருக்கா?”

“சரி சரி, யோசிக்கிறேன்.”

அவள் கூடையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்துவதற்குள் அறுவை இயந்திரத்தில் பொறி பறந்தது. யோசித்தால் அறுக்கமாட்டோம் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் யோசிக்கவில்லை. தெரியாமல் செய்த தப்பென்றால் மன்னிக்கலாம். இவன் தெரிந்தேதான் செய்தான்.

அடுத்த சனிக்கிழமை ட்ராய் அவன் முதுகில் தட்டி, “இப்பத்தான்டா வண்டி!” என்றான். அந்தத் தட்டல் அன்று மாலைவரைகூடத் தாங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? கிடங்குக்குப் போக ஆர்லின் வீட்டு வழிதான் குறுக்குவழி. டெல்மர் சரளைக்கல் பாதையில் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தான். சர்ச்சில் கடைசிப் பாட்டு முடியுமுன் நழுவினான். ஒருமுறை மளிகைக் கடையில் அந்தத் தொப்பி தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, நாய்த் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். அங்கே அவன் தன்னையே காறித் துப்பாத குறை.

ஆர்லின் பெட்ரோல் பங்கில் ஒருநாள் பிடித்துவிட்டார். “வண்டி எப்படி வருது தம்பி?”

“நல்லா வருது” என்றான் டெல்மர், அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

“திருவிழாவுக்கு ஆயிடுமில்ல?”

“ஆயிடும்.”

அவ்வளவுதான். கூரையை அறுத்துவிட்டேன் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். வாய் வரவில்லை. ஆர்லினைக் கூப்பிடாமலே விட்டுவிடலாம், வயசானவர், மறந்துகூடப் போயிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இப்படி ஒரு கிழவரின் மறதியை நம்பி வாழ்வது எவ்வளவு கேவலம் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

அறுவடை முடிந்து திருவிழா வந்தது. காலையில் வண்டிகள் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நின்றன. முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள், பின்னால் ராட்சச அறுவடை இயந்திரங்கள், நடுவில் டெல்மர். மார்னி கறியும் முட்டைக்கோசும் வைத்த பீரோக் ரொட்டியை நீட்டினாள். அவன் வாங்கி அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டான். வரிசை நகரப் போகிற சமயம், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆர்லின் நடந்து வந்தார். தலையில் தொப்பி இல்லை.

வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். கதவின் எழுத்தைத் தொட்டார். “அழகா வெச்சிருக்கே” என்றார். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“ஐயா, இது... கொஞ்சம் தாழ்வா...”

“கதவைத் திற தம்பி. பேண்டு கிளம்பிடுச்சு பாரு.”

முதலில் ஒரு காலை வைத்தார், பிறகு இடுப்பை நுழைத்தார், கடைசியில் கழுத்தை மடக்கித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். முதுகு சுவர்போல நிற்க, கழுத்து மட்டும் முறிந்ததுபோலத் தொங்க, மோவாய் மார்பில் இடித்தது. டெல்மர் கியரைப் போட்டான்.

தெருவின் இரண்டு பக்கமும் ஊர் முழுக்க நின்றது. வண்டிகளிலிருந்து வீசிய மிட்டாய்க்குப் பிள்ளைகள் ஓடினார்கள். “ஆர்லின்! இங்க பாருங்க, ஆர்லின்!” என்று பெரியவர்கள் கத்தினார்கள். ஆர்லின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார். முகத்தைத் தூக்க முடியவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சொந்த முழங்கால்தான்.

“இப்ப எங்க வந்திருக்கோம் தம்பி?”

“பேங்க்கைத் தாண்டிட்டோம்.”

“பேங்க் வாசல்ல யாரு?”

“ஷ்ராக் குடும்பம். கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டறாங்க.”

“அடேயப்பா, பொறந்துடுச்சா? யாரு ஜாடை?”

டெல்மர் சொன்னான். ஊரைப் பார்க்க வேண்டுமென்று கேட்ட மனிதருக்கு, தெரு முழுக்க ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு முகமாக அவன் சொல்லிக்கொண்டே வந்தான். யார் கூப்பிட்டார்கள், யார் இளைத்துப் போயிருக்கிறார்கள், மருந்துக் கடைக்கு என்ன வண்ணம் அடித்திருக்கிறார்கள். ஆர்லின் “ம், ம்” என்று கேட்டுக்கொண்டார். டெல்மருக்கு அந்தத் தெரு முடியவே முடியாதுபோல இருந்தது. முடிந்தபின் ஆர்லின் வெளியே வர மார்னியும் கைகொடுக்க வேண்டியிருந்தது. வந்த பிறகும் கழுத்து நிமிர வெகுநேரம் ஆனது.

மேடையில் மைக் பிடித்திருந்தவர் டெல்மரின் வண்டிக்குத்தான் முதல் பரிசு என்றார். ஸ்பார்க் பிளக்குகளை ஒட்டிச் செய்த கோப்பை. “சொன்ன சொல்லைக் காப்பாத்தி வண்டியோட பழைய சொந்தக்காரரையே கூட்டிட்டு வந்தாரே, அதுக்கும் சேர்த்து ஒரு கைத்தட்டு!” ஊரே தட்டியது. ட்ராய் விசிலடித்தான். டெல்மர் போய் வாங்கிக்கொண்டான். வாங்காமல் வர அவனுக்குத் துணிவில்லை.

ஆர்லின் மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டெல்மர் அவர் முன்னால் போய் நின்றான்.

“ஐயா, நான் தெரிஞ்சேதான் அறுத்தேன். உங்களை நினைச்சுப் பார்த்துட்டுத்தான் அறுத்தேன்.”

“தெரியும் தம்பி. மே மாசமே டயர் கடை வாசல்ல வண்டியைப் பார்த்தேன். மக கார்ல போறப்ப நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன்.”

“அப்ப ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா நீ வெக்கப்பட்டுக்கிட்டு என்னைக் கூப்பிடாமலே விட்டுடுவே. அதான் பயம்.” ஆர்லின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். “அதனால நானே பழகிக்கிட்டேன். சமையல்கட்டுச் சுவர் அலமாரிக்குக் கீழ முக்காலியைப் போட்டு, தினம் காலைல காப்பியை அங்க கழுத்தை மடக்கி உக்காந்துதான் குடிச்சேன். முதல்ல ரெண்டு வாய்க்குமேல முடியல. ஜூன் கடைசியில முழுக் கோப்பையும் குடிக்க வந்துடுச்சு.”

டெல்மர் அந்தப் பரிசுக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றான். அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.