ஒட்டுப்பாலால் கட்டிய பிடி

புல்வெட்டும் மெசினைத் தோளில் மாட்டிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கொடகவெலப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதுவரை பெண்களிடம் மெசின் கொடுத்ததே கிடையாது!

எனக்கும் நாத்தனாருக்கும் ஆளுக்கொன்று என்றுதான் பேச்சு. வந்தது ஒன்று. பிடியை அமுக்கினால் பிளேடு சுற்றும், கையை விட்டால் நின்றுவிடும். அந்தப் பாதுகாப்பு உள்ளதைத்தான் வாங்க வேண்டுமாம். அதன் விலைக்குச் சாதாரண மெசின் இரண்டு வாங்கியிருக்கலாம் என்றார் எங்கள் வேலையை மேற்பார்க்கும் ஃபீல்ட் ஐயா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவள் என் பின்னால் மாட்டுக்குப் புல் அள்ளிக்கொண்டு வந்தாள்.

பத்து மணிக்கே விரல்கள் மரத்துப்போயின. குறித்த வரிசைகளை முடிக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பக்கத்து மரத்தின் வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நீளமாக உரித்தேன். வாளிப் பிடியிலிருந்து கதவுக் கொண்டிவரை எங்கள் லயத்து வீடுகளில் எல்லாவற்றையும் கட்டுவது அந்த ரப்பர் வாரால்தான். பிடியை அமுக்கி வைத்து இறுக்கிக் கட்டினேன்.

"வேணாங்க அண்ணி. சொன்னா கேளுங்க."

"உனக்கு மெசின் கெடைக்காம பண்ணதே இந்தப் பிடிதான். இதுக்கு என்னா மரியாதை?"

அப்புறம் பார்க்க வேண்டுமே! மெசின் பறந்தது, நானும் பறந்தேன். மூன்று வரிசையை ஒரே மூச்சில் முடித்துத் திரும்பியபோது ஈரச் சருகில் கால் வழுக்கியது. இரண்டு கையையும் விட்டுவிட்டேன். பிளேடு நிற்கவில்லை. தோள்வாரில் தொங்கியபடி அவள் பக்கம் சுழன்று, அவள் முன்னால் கிடந்த புல்கட்டைக் கிழித்துக்கொண்டு போனது. மெசினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைத் தேடிப்பிடித்து அமுக்கினேன்.

அவளுடைய செருப்பு வார் அறுந்து கிடந்தது. புல்லை விலக்கி அந்தக் காலின் விரல்களை எண்ணினேன். ஐந்து. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினேன். பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எண்ணி முடிச்சிட்டீங்களா?" என்றாள். "மெசினக் கழட்டுங்க. இனி நான் வெட்டுறேன், நீங்க புல்லு அள்ளுங்க."

மாட்டியதும் ஒட்டுப்பாலை அறுத்து எறிந்தாள். ஒரு தடவை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாள். பிளேடு நின்றது. நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன், நன்றாகத் தள்ளி.