எங்கள் கணித ஆசிரியரின் பெயர் என்ன?

தலைவர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் நடந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில், கோட்டும் ரையுமாக மேடையில் ஏறி, "எமது பாடசாலை இன்று சிறப்புற இயங்கிக்கொண்டிருக்கிறது" என்று ஒலிவாங்கியில் சொன்னீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. இடப்பெயர்வோடு வன்னிக்குப் போன கணித சேர் திரும்பி வரவில்லை. அவருக்குப் பதிலாக இன்றுவரை ஒருவரும் வரவில்லை. என் தங்கச்சியின் மகள், என் பெறாமகள் நிலானி, வருகிற மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறாள். கணிதத்தில் சித்தியடையாவிட்டால் அவளுக்கு உயர்தர வகுப்பு இல்லை. கணிதப் பாட நேரத்தில் அவள் பள்ளிக்கூட வளவைக் கூட்டிக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் அந்த வளவுக்கு வாசல் வளைவு கட்டப்போகிறீர்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தங்கச்சி வசந்தி கொமியூனிகேசன் கடையில் வரிசையில் நின்று எனக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"அக்கா, உங்கையிருந்து வளைவின்ரை படம் வந்திருக்கு. நல்ல வடிவு. ரெண்டு பக்கமும் யானை நிக்குது. ஒரு யானையை அழிச்சுப்போட்டு அந்த இடத்திலை ஒரு கணித ரீச்சரைக் கீறிவிடச் சொல்லுங்கோவன்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் கோபம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் உயர்தரத்தில் கணிதம் படித்துச் சித்தியடைந்த ஒரு பிள்ளை இருக்கிறாளாம். தொண்டர் ஆசிரியையாக வரச் சம்மதமாம். அவளுக்கு ஏதாவது கொடுத்து உதவச் சொல்லி அதிபர் உங்கள் சங்கத்திடம் கேட்டிருக்கிறார். நீங்கள் யானைப் படம் அனுப்பியிருக்கிறீர்கள்.

எனக்கு வடிவாக எழுத வராது. நேராகத்தான் எழுதுவேன். ஒரு பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவது என்று நான் கற்றுக்கொண்டது ஊரிலும் இல்லை, இந்த ரொறன்ரோ நகரத்திலும் இல்லை. ஸ்காபரோவில் இந்த மோர்னிங்சைட்டுக்கு வருவதற்கு முன் நாங்கள் இரண்டு வருடம் அஜக்ஸையும் தாண்டி, 401 பெருந்தெருவை விட்டு இறங்கி, சோள வயல்களுக்கு நடுவே ஒரு குட்டி ஊரில் இருந்தோம். எனக்கும் இவருக்கும் காளான் பண்ணையில் வேலை. சுற்றுவட்டாரத்தில் நாங்கள் ஒரேயொரு தமிழ்க் குடும்பம். காலையில் சரளைக்கல் றோட்டின் முடிவில் மஞ்சள் பஸ் வந்து நிற்கும். மகள் சுமதி ஏறுவாள். அவளுக்கு முன் பஸ்ஸில் இருப்பது சாரதியும் சாரதியின் நாயும் மட்டும்தான். கனடாவில் நாயும் பள்ளிக்கூடம் போகும் என்று அவள் அம்மம்மாவுக்கு எழுதியது உண்மை.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். நாலு அறை, அவ்வளவுதான். சுமதியின் அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகள், மூன்றுக்கும் ஒரே ரீச்சர். அந்த மனுசி ஒரு மூலையில் பெருக்கலும் இன்னொரு மூலையில் பின்னமும் படிப்பித்துவிட்டு, மூன்றாவது மூலைக்குப் போக மணி அடித்துவிடும். சுமதி மூன்றாவது மூலை. இதற்காகவா கடல் தாண்டி வந்தோம் என்று எனக்கு ஆத்திரம். யாரையாவது ஏசவேண்டும். ஆரை ஏசுவது என்றுதான் தெரியவில்லை.

கிழமைக்கு ஒருதடவை டொறத்தி என்ற மனுசியிடம் முட்டை வாங்குவேன். ரப்பர் சப்பாத்து, அதில் கோழி எச்சம், தலையில் கம்பளித் தொப்பி. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெரியவர் யார்? அவரை நான் ஏசவேண்டும்" என்று கேட்டேன்.

"என்னை ஏசலாம். நான் ஒரு ட்ரஸ்டி" என்றாள் டொறத்தி.

எங்கள் ஊரில் ட்ரஸ்டி என்றால் கோயில் தர்மகர்த்தா. பட்டுச் சால்வை, சந்தனப் பொட்டு, முதல் காளாஞ்சி மரியாதை. நான் அவளுடைய சப்பாத்தைப் பார்த்தேன்.

"எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டேன்.

"நான் போகிற தேவாலயம் சந்தியில் இருக்கிறது. ஏன் கேட்கிறாய்?" என்றாள்.

இப்படிக் கொஞ்ச நேரம் நான் கோயிலிலும் அவள் பள்ளிக்கூடத்திலுமாக நின்றோம். கடைசியில் விளங்கியது. அங்கே பள்ளிக்கூடங்களை நடத்துவது ஒரு கல்விச் சபை. அதில் இருக்கும் ட்ரஸ்டிகளை ஊர்ச் சனம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிறது. முட்டைக்காரி, பால்பண்ணைக்காரன், இளைப்பாறிய தாதி, இப்படியானவர்கள். சம்பளத்துக்கு ஒரு பணிப்பாளர் இருக்கிறார். அவர் இவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். சபை மாதத்துக்கு ஒருமுறை கூடும். கதவு திறந்திருக்கும்.

"நீ வந்து பேசு. டெலிகேஷன் என்று உன் பெயரைப் போட்டுவிடுகிறேன்" என்றாள் டொறத்தி.

டெலிகேஷன் என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று செய்தி கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். டெலிகேஷன் என்றால் தூதுக்குழு. விமானத்தில் வந்து இறங்கும், வரிசையாக நின்று படம் எடுக்கும். ஒற்றை ஆளாகப் போனால் மரியாதை இல்லை என்று நினைத்து இவருடைய தமையனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அத்தார் மோர்னிங்சைட்டில் ஒரு வானைப் பிடித்து, ஆட்களை நிரப்பி, தானும் சூட் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். மச்சாள் ஒரு பெரிய அலுமினியத் தட்டில் வடை சுட்டுக்கொண்டு வந்தா. அந்த வானில் வந்த பாதிப்பேருக்குச் சுமதி யார் என்றே தெரியாது.

கூட்டம் பள்ளிக்கூட நூலகத்தில். பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் நாங்கள் எல்லோரும் அடைந்துகொண்டு உட்கார்ந்தோம். சபைத் தலைவர் பால்பண்ணைக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதில் டெலிகேஷன் யார்?" என்று கேட்டார்.

எல்லோரும் கையை உயர்த்தினோம்.

"ஒரு டெலிகேஷனுக்குப் பத்து நிமிடம்" என்று அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். விடியும்வரை அங்கேயே இருக்கவேண்டி வரும் என்று கணக்குப் போட்டிருப்பார். டொறத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே எதையோ தேடினாள். அங்கே ஒரு ஆள் தனியாகப் போய்ப் பேசினாலும் அதற்குப் பெயர் டெலிகேஷன்தானாம். அத்தார் எழும்பி, "நாங்கள் எல்லாரும் ஒண்டுதான், சேர்" என்று தமிழிலேயே சொன்னார். ஆருக்கு விளங்கியதோ தெரியாது, எல்லோரும் சிரித்தார்கள். வடைத்தட்டு சுற்றி வரத் தொடங்கியது.

நான் பேசினேன். என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும், தலைவர் அவர்களே, நீங்களே ஒருமுறை பகிடி பண்ணியிருக்கிறீர்கள். "என் மகள் மூன்றாவது மூலை. மூன்றாவது மூலைக்கு எப்போது ரீச்சர் வருவா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

பணிப்பாளர் எழும்பினார். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு புரொஜெக்டரைப் போட்டு, எங்கள் பிள்ளைகள் கணிதத்தில் பக்கத்து ஊர்களைவிடப் பின்தங்கியிருப்பதைத் தானாகவே சுவரில் காட்டினார். பிள்ளைகள் குறைவு என்பதால் வகுப்புகளைச் சேர்த்தது தன்னுடைய முடிவு என்றார். "இன்று இரவு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த மாதம் இதே அறையில் சொல்கிறேன்" என்றார். ஒரு கல்விப் பணிப்பாளர், காளான் பிடுங்குகிற ஒருத்தியின் முன்னால் நின்று, தன்னிடம் பதில் இல்லை என்று சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த மாதம் சொன்னபடி பதில் வந்தது. அயல் பள்ளிக்கூடத்தோடு பங்குபோட்டு அரைநாளுக்கு ஒரு கணித ரீச்சர். எனக்கு அது காணாது, அதையும் எழும்பிச் சொன்னேன். அது ஒன்றும் சொர்க்கமில்லை. இப்போது அந்தச் சின்னச் சபையையே அரசாங்கம் பெரிய ஒன்றோடு சேர்த்துவிட்டது. டொறத்தி முட்டை மட்டும் விற்கிறாள். ஆனாலும் சுமதிக்குப் பின்னம் வந்தது அந்த அரைநாளில்தான்.

அயலிலிருந்து கடன் வாங்கின ரீச்சர் என்றதும் உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லையா? நாங்கள் எட்டாம் வகுப்பு. நீங்கள் வகுப்புத் தலைவர், நான் கடைசி வரிசைப் பின்வாங்கு. கல்விக் கந்தோரிலிருந்து பெரியவர் பார்வையிட வருகிறார் என்று பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். அப்போதும் எங்களுக்குக் கணித ஆசிரியர் இல்லை. அன்று காலை அடுத்த ஊரிலிருந்து ஒரு சேரைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து வகுப்பில் நிறுத்தினார்கள். வந்த பெரியவர் சோடா குடித்துவிட்டுச் சும்மா ஒரு கேள்வி கேட்டார்: "உங்கடை கணித ஆசிரியரின்ரை பெயர் என்ன?"

வகுப்பில் ஒருவருக்கும் அது தெரியாது. நீங்கள் எழும்பி, "எங்கடை கணித ஆசிரியர் மிகவும் நல்லவர், சேர்" என்றீர்கள். பெரியவர் தலையை ஆட்டினார். நான் பின்வாங்கிலிருந்து, "இவர் இண்டைக்குத்தான் வந்தவர், சேர்" என்றேன். பெரியவருக்கு உங்கள் பதில்தான் பிடித்தது. நான் மிச்ச நாள் முழுக்க வெயிலில் முழங்காலில் நின்றேன். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போகிற சாட்டில் வந்து, "ஏனடி வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கமாட்டியோ?" என்று கேட்டீர்கள். நல்ல மனத்தோடுதான் கேட்டீர்கள், அது எனக்குத் தெரியும்.

போன ஞாயிறும் அதேதான் நடந்தது. நான் எழும்பி, "கணித ரீச்சர் இல்லையெண்டு அதிபர் கேட்டவராம், என்ன செய்தனியள்?" என்றேன்.

"தங்கச்சி, உது கல்விக் கந்தோரின்ரை வேலை" என்றீர்கள். ஒரே வகுப்பில் படித்த நான் எப்போது உங்களுக்குத் தங்கச்சி ஆனேன்?

"அப்ப வளைவு கட்டுறது ஆரின்ரை வேலை?" என்றேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"உதெல்லாம் செயற்குழுவிலை கதைப்பம். நீங்கள் ஒருக்கா உள்ளுக்குப் போய்ச் சாப்பாட்டைப் பாருங்கோ, ஆறப்போகுது." உடனே பாட்டைப் போட்டு, சின்னப்பிள்ளைகளின் நடனத்தைத் தொடக்கிவிட்டீர்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள், அதற்குக் கை தட்டினேன். சோற்றை நான் பார்க்கவில்லை, அதுவும் ஆறவில்லை.

சோள வயலுக்கு நடுவே நான் யாருமில்லாதவள். என் பெயரை ஒழுங்காகச் சொல்லக்கூட அவர்களுக்கு வரவில்லை. அங்கே என் கேள்விக்குப் பதில் வந்தது. எங்கள் மண்டபத்தில் என் அப்பாவின் பெயரும், வீட்டுப் பெயரும், எட்டாம் வகுப்பில் நான் முழங்காலில் நின்ற இடமும் எல்லோருக்கும் தெரியும். இங்கே எனக்குக் கிடைத்தது சோற்றுச் சட்டி. அங்கே உயர்த்திய கையும் இங்கே உயர்த்திய கையும் ஒரே கைதான். எந்த ஊரில் அதை இறக்கி வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வருவேன். டெலிகேஷன் என்றால் ஒரு ஆள் போதும் என்று இப்போது எனக்குத் தெரியும். இருந்தாலும் அத்தாரிடம் வானுக்குச் சொல்லிவிட்டேன், மச்சாள் உழுந்து ஊறப்போடுவா. அதற்கு முன்னர், என் கடிதம் வருகிற இதே பத்திரிகையில், எல்லோரும் வாசிக்கக்கூடியதாக, உங்கள் பெயரைப் போட்டு, ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அவர் நல்லவர், வல்லவர் என்று எழுதவேண்டாம். அன்றைக்குப் பெரியவர் கேட்டதையே கேட்கிறேன். எழும்பி நின்று சொல்லுங்கள், தலைவர் அவர்களே: எங்கள் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியரின் பெயர் என்ன?