வாசலுக்கு வாசல் முப்பத்தொரு மணி நேரம்

ஹூஸ்டன் பக்கத்து சுகர் லேண்டில் யாருக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும் முதலில் மயில்சாமிக்குத்தான் ஃபோன் போகும். எண்ணெய்க் கம்பெனியில் பைப்லைன் இன்ஜினியர். அது சோற்றுக்கு. மனுஷன் உயிரை வைத்திருப்பதெல்லாம் பிளேன் கணக்கில்.

ஹூஸ்டனிலிருந்து கோயமுத்தூர் நேர்கோட்டில் பதினைந்தாயிரத்து நானூறு கிலோமீட்டர். நேர்கோட்டில் எவன் போகிறான்? தோகாவில் இறங்கி ஏறி, கொச்சியில் கார் பிடித்து, உடுமலைப்பேட்டை போய்ச் சேர முப்பத்தொரு மணி நேரம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை அவர் மதிப்பதே இல்லை. வீட்டைப் பூட்டுவதில் ஆரம்பித்து, ஊர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எண்ண வேண்டும் என்பார்.

பக்கத்து ஊர் பேர்லேண்டில் இருக்கும் ஷ்யாமளா ஆன்ட்டி ஒருமுறை கேட்டார்: "போறப்ப ரெண்டு நாள் ஆகுது, வர்றப்ப ஒரே நாள்ல வந்துடறோம். எதிர்க்காத்தா மயில்சாமி?"

"காத்து இல்ல ஆன்ட்டி, கடிகாரம்" என்றார் சிரிக்காமல். ஆன்ட்டி நம்பவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தும்போது ஊரிலிருந்து தம்பி சபரி கூப்பிட்டான்.

"அண்ணா, அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸுங்ண்ணா. மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, டாக்டர் பாத்துட்டிருக்காரு. எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க?"

நேரம் கேட்டால் நேரம் சொல்லித்தான் மயில்சாமிக்குப் பழக்கம்.

"சாயங்காலம் ஏழு மணி ஃப்ளைட்ல சீட் இருக்கும். வியாழக்கிழமை காலைல எட்டரைக்கு வீட்டுல இருப்பேன்."

"எட்டரையா? அப்பச் சரிங்ண்ணா. ராகு காலம் ஒண்ணரைக்குத்தான் ஆரம்பிக்குது."

சொன்னபிறகு சபரி சட்டென்று வாயை மூடிக்கொண்டான். மயில்சாமிக்குப் புரிந்துவிட்டது. வைத்தியம் பார்க்கிறவர்கள் ராகு காலம் பார்ப்பதில்லை. எடுக்கிறவர்கள்தான் பார்ப்பார்கள். அவர் வருவதற்காக அம்மாவை வைத்திருக்கிறார்கள்.

ஐயோ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. ஒன்றரை நாள் தனியாக வரப்போகும் அண்ணன் வழியெல்லாம் அழக் கூடாதென்று அந்தப் பயல் தன் அழுகையை விழுங்கிக்கொண்டு பேசுகிறான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

"சபரி, ஆஸ்பத்திரியில அம்மாகிட்டச் சொல்லுடா. மயிலு கிளம்பிட்டான்னு சொல்லு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சொல்லிட்டேங்ண்ணா" என்றான் சபரி. "சரின்னு தலையாட்டினாங்க."