எழுபதுக்குக் கீழே போனால்

போன ரம்ஜான் மாதம், பூந்தமல்லியில் என் கடையில் நடந்தது இது. மெத்தை, தலையணை விற்கிற சின்னக் கடை. எனக்குச் சர்க்கரை நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன.

ஒவ்வொரு ரம்ஜானுக்கு முன்பும் பழைய டாக்டர், "நோன்பு வைக்கவே கூடாது" என்பார். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்து, மாதம் முழுக்க வைத்துவிடுவேன். எங்கள் தெருவில் சர்க்கரை உள்ள பலரும் இப்படித்தான். டாக்டருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம்.

போன வருடம் அவர் இடத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். உத்தரவு எதுவும் போடவில்லை. "உடம்பு முடியாதவங்களுக்குச் சலுகை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இருந்தும் வைக்கப் போறீங்களா? மறைக்காம சொல்லுங்க" என்றார். "வைப்பேன்மா" என்று சொல்லிவிட்டேன். எப்படித்தான் வாயில் வந்ததோ!

திட்டு விழும் என்று பார்த்தால், உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். விடியலுக்கு முன் சஹருக்கு எழுந்து என்ன சாப்பிடுவேன், கடையில் எவ்வளவு சுமை தூக்குவேன் என்றெல்லாம் கேட்டு, மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றினார். பகலில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். ரத்தம் வந்தால் நோன்பு முறியுமே என்றேன். "அதை நான் சொல்லக் கூடாது, உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேளுங்க" என்றார். கேட்டேன். முறியாது என்றார் ஹஜ்ரத்.

சர்க்கரை எழுபதுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று விளக்கிவிட்டு, டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். "அப்படிப் போச்சுன்னா என்ன செய்வீங்க?" "நோன்பை விட்டுடறேன்" என்றேன்.

சொல்வது சுலபம். ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்ததும் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. மெஷினில் பார்த்தால் அறுபத்திரண்டு. நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம்தான். பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்க ஜனங்கள் தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எழுந்து வந்தார். ரம்ஜான் முழுக்க என் கண்ணெதிரே டீகூடக் குடிக்காத மனிதர். "இன்னா பாய், மூஞ்சே சரியில்ல?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அட, இன்னும் கொஞ்ச நேரந்தானே கீது! இம்மா நேரம் தாக்குப் புடிச்சிட்டு இப்ப வுடுவியா? கண்ண மூடிப் படு பாய், கடைய நான் பாத்துக்கறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் அதுதான் ஆசை. படுக்க மெத்தைக்கா பஞ்சம்? ஆனால் அந்த டாக்டரம்மாவிடம் நானே சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது.

"இல்ல நைனா, ஒரு கிளாஸ் சர்க்கரைத் தண்ணி கொண்டா" என்றேன்.

கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தவர், நான் குடிப்பதைப் பார்க்க மனசில்லாமல் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். குடித்தேன். அழுகை வந்தது, அழுதேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொன்னபோது பள்ளிவாசலுக்கு என் காலாலேயே நடந்து போனேன்.

அந்த ஒரு நோன்பைப் பிறகு களாவாக வைத்து ஈடுசெய்துவிட்டேன். கூடாது என்று அந்த டாக்டரும் உத்தரவு போட்டிருந்தால் அவரையும் ஏமாற்றியிருப்பேன். முடிவை என்னிடமே விட்டதால், அன்றைக்கு ஏமாற்றுவதற்கு என்னைத் தவிர வேறு ஆளில்லாமல் போய்விட்டது.