துவாய் எறிந்தவள்

நான் அவளை முதலில் பார்த்தபோது முகம் தெரியவில்லை. இரத்தம்தான் தெரிந்தது. நெற்றி கிழிந்து, கண்ணுக்குள் இறங்கி, நாடியால் வழிந்து மேடையில் சொட்டியது. எதிரில் நின்றவள் இவளுடைய தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி, கிழிந்த இடத்திலேயே திரும்பவும் குத்தினாள். இவள் விழுந்தாள். எழும்பினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெஞ்சை நீட்டினாள்.

ஜப்பான்காரிகளின் மல்யுத்தம் அது. சனம் காசு கொடுத்துப் பார்க்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருசங்கள். நான் ஒஸ்லோவில் ஒரு லோண்டரியில் வேலை செய்தேன். ஹோட்டல்களில் உடம்பு துடைக்கிற துவாயும் படுக்கைவிரிப்பும் துவைக்க எங்களிடம்தான் வரும். எங்கள் லொறியை ஓட்டியவன் ஒரு நோர்வேக்காரன். ஜப்பானிலிருந்து தபாலில் மல்யுத்த வீடியோக் கசெற் எடுப்பான். சாப்பாட்டு அறையில் இருந்த பழைய டெக்கில் போட்டுப் பார்ப்பான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். நான் இருந்து பார்த்தேன். அதனால் எனக்கும் பிரதி எடுத்துத் தரத் தொடங்கினான்.

அவனுக்குப் பிடித்தவள் வேறொருத்தி. உயரமானவள், வடிவானவள், இடுப்பில் எப்போதும் தங்க பெல்ட்.

"நீ பார்க்கிறவள் ஒன்றுமில்லை. எல்லாரிடமும் தோற்கிறவள்" என்றான்.

"அவள்தான் கெட்டிக்காரி" என்றேன்.

"எப்படி?"

எனக்கு அதற்குமேல் சொல்ல நோர்வே மொழி போதாது. தமிழிலும் போதாது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

அவள் குட்டை. கழுத்து என்று ஒன்று இல்லை. ஒரு காது நசிந்து கிடக்கும். முழங்காலில் எந்நேரமும் கட்டு. அவளுடைய சண்டை நிகழ்ச்சியின் முன்பகுதியில் வரும். சனம் அப்போது இருக்கக் கதிரை தேடிக்கொண்டிருக்கும். யார் வெல்வது என்று முன்னமே பேசி வைத்திருப்பார்களாம். லொறிக்காரன்தான் சொன்னான். இருக்கட்டும். அடி பேசி வைத்த அடியல்ல. முன்னங்கையால் நெஞ்சில் விழுந்த அடி சிவந்து, சண்டை முடியமுன் ஊதா நிறமாகும். தூக்கி எறிந்தால் இவள் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தரையை அறைந்து விழுவாள். மண்டபமே அதிரும். உயரமானவளின் உதை பெரிய உதை என்று சனம் நம்பியது இவள் விழுந்த விழுகையால்தான். இவளை அடித்துத்தான் மற்றவர்கள் பெரியவர்கள் ஆனார்கள். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஒருத்தி அடிப்பாள். மற்றவள் விலக மாட்டாள். நின்று வாங்குவாள். பிறகு முறை மாறும். வாங்கினவள் அடிப்பாள். கொடுத்தவள் நின்று வாங்குவாள். குட்டையானவளின் முறை வரும்போது உயரமானவளின் பல்லுக் கவசம் தெறித்துப் போய் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் ஒஸ்லோவிலேயே ரொம்சோஸில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். அவளும் புருசனும் நானும். பிள்ளைகள் இல்லை. புருசன் அவளை அடிப்பான். குடித்தும் அடிப்பான், குடிக்காமலும் அடிப்பான். கறியில் உப்புக் கூடினாலும் சரி, பனி கூடினாலும் சரி. ஒருமுறை நான் இடையில் புகுந்தேன். என் கையைக் கதவுக்குள் வைத்து நெரித்தான். ஒரு விரல் இப்போதும் மடங்காது. நான் வேலைக்குப் போன பிறகு எனக்கும் சேர்த்து அவளுக்குக் கொடுத்தான். அவளுடைய சட்டையைப் பச்சைத்தண்ணியில் ஊறப்போட்டேன். இரத்தத்துக்குச் சுடுதண்ணி கூடாது. லோண்டரியில் படித்தது.

"அக்கா, இனி நீ இதுக்குள்ளை வராதை. எனக்குத் தாங்கும்" என்றாள் தங்கச்சி.

தாங்கினாள். அவளும் குட்டை. என் தங்கச்சி உயிரோடு இருப்பாளா என்பதுதான் அந்த வருசம் முழுக்க எனக்கு இருந்த ஒரே யோசனை.

அவன் வீட்டில் இல்லாத நேரம் நாங்கள் கசெற் பார்ப்போம். அவள் வீங்கின கன்னத்தில் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஒருநாள் சொன்னாள்:

"இவளுக்குத் திருப்பி அடிக்க முறை வருது, என்ன?"



பக்கத்து வீட்டுத் தமிழாக்கள் சத்தம் கேட்டுத் தமிழ்ச் சங்கத்துக்குச் சொல்லிவிட்டார்கள். சங்கத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். எங்கள் ஆக்களின் வழக்கம் அது. பொலிசுக்குப் போகமுன் பேசி முடிப்பது. இருவரையும் ஒரே செற்றியில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். அவளுக்கு ஒரு கண் மூடியிருந்தது. அந்தக் கண் இருந்த பக்கம்தான் அவன் இருந்தான்.

"பிள்ளை, வெள்ளைக்காரனுக்கு எங்கடை விசயம் விளங்காது. நாலு பேருக்குத் தெரிஞ்சால் வடிவில்லை" என்றார் ஒருவர்.

"தம்பி, நீரும் கையைக் கொஞ்சம் அடக்கும்" என்றார் மற்றவர்.

"ஓம் ஐயா" என்றான் அவன்.

"என்ன பிள்ளை, சமாதானமோ?"

"ஓம்" என்றாள் அவளும். அவளே எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டாள். நொண்டி நொண்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். வடிவான தேத்தண்ணி என்று குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் ஏறின லிஃப்ற் கீழே போய்ச் சேரமுன் அவன் தேத்தண்ணி கொண்டுவந்த தட்டத்தாலேயே அவளுடைய தலையில் அடித்தான்.

பிறகு லொறிக்காரன் ஒரு கசெற் கொண்டுவந்தான். "உன் ஆளின் கடைசிச் சண்டை. பார்த்தால் கவலைப்படுவாய்" என்றான்.

அந்த முறைதான் அவளுடைய சண்டையை நிகழ்ச்சியின் முடிவில் போட்டிருந்தார்கள். எதிரில் தங்க பெல்ட். உயரமானவள் இவளுடைய தலையைத் தரையில் செங்குத்தாக இறக்கினாள். திரும்பவும் இறக்கினாள். கழுத்து மடிந்தது. தோள் தரையில் கிடக்க மூன்று எண்ணிவிட்டால் தோல்வி. ஒன்று, இரண்டு என்று நடுவர் எண்ணி, மூன்று சொல்லமுன் இவள் தோளைத் தூக்கினாள். தோள்தான் எழும்பியது, கண் இல்லை. கண் எங்கேயோ போய்விட்டது. கையைப் பின்னால் கட்டப் பார்த்தாள், கை போகவில்லை. அப்படியே நெஞ்சை நீட்டினாள்.

மேடைக்குக் கீழே, மூலையில், அவளுடைய பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றாள். அப்படி ஒருத்தி எப்போதும் நிற்பாள். தண்ணி கொடுக்க, இரத்தம் துடைக்க. கையில் ஒரு வெள்ளைத் துவாய். அவள் அழவில்லை. துவாயைத் தூக்கி மேடைக்குள் எறிந்தாள். அவளுக்குப் பதிலாகத் தோல்வியை ஒப்புக்கொள்வது அது. மணி அடித்தது. சண்டை முடிந்தது.

குட்டையானவள் அந்தத் துவாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தவழ்ந்து போய், கயிற்றுக்கிடையால் கையை விட்டு, எறிந்தவளின் கன்னத்தில் அறைந்தாள். மற்றவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாங்கினாள். அந்த அறை பேசி வைத்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது. சத்தம் வேறாக இருந்தது.

"தானாக விடமாட்டாளா?" என்று லொறிக்காரனைக் கேட்டேன்.

"இந்த ஆட்கள் விடமாட்டார்கள். அதுக்குத்தான் மூலையில் ஆள் வைக்கிறது" என்றான்.

அன்று பின்னேரம் வரைக்கும் ஹோட்டல் துவாய்களை மடித்தேன். அதையே யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவன் அவளைக் குசினித் தரையில் போட்டு மிதித்தான். அவள் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். கசெற் பார்த்துப் பழகினது. எழும்பினாள். திரும்பவும் விழுத்தினான். எழும்பினாள். வாயிலிருந்து பல் விழுந்தது. நான் கதவடியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்து, வராதே என்று தலையை ஆட்டினாள். அவளுடைய கண்ணைப் பார்த்தேன். அது என்மேல் நிற்கவில்லை.

நான் உள்ளே போகவில்லை. படிக்கட்டுக்கு வந்து பொலிசை அழைத்தேன். விலாசம் சொன்னேன். "கொல்லுகிறான்" என்ற சொல் நோர்வே மொழியில் எனக்குத் தெரிந்திருந்தது.

வந்தார்கள். ஒருவன் அவனைச் சுவரோடு அழுத்தி விலங்கு போட்டான். அவன் என்னைத் தூசணத்தால் பேசினான். தங்கச்சி தரையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு மேசைக்காலைப் பிடித்து எழும்பி என்னிடம் வந்தாள்.

"உன்னை ஆரடி கேட்டது?" என்றாள். தாடை உடைந்திருந்ததால் சொல் முழுதாக வரவில்லை. என் கன்னத்தில் அறைந்தாள். நான் கையைப் பின்னால் கட்டினேன். திரும்பவும் அறைந்தாள்.

பொலிஸ்காரி அவளைப் பிடித்து விலக்கிவிட்டு, இவள் அறைந்ததுக்கு முறைப்பாடு கொடுக்கப்போகிறாயா என்று என்னைக் கேட்டாள்.

"இல்லை. அவளின் முறை" என்றேன். பொலிஸ்காரிக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி போட்டார்கள். மண்ணீரல் கிழிந்திருந்ததாம். பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று டொக்ரர் சொன்னார். அவனை மறியலுக்குள் பூட்டிவைத்தார்கள். சங்கத்துப் பெரியவர்கள் திரும்ப வரவில்லை. கோயிலில் சில பெண்கள் என்னோடு கதைக்காமல் விட்டார்கள். தங்கச்சியும் கதைக்கவில்லை. எல்லிங்ஸ்ருட்டில் அவளுக்கு ஒரு சின்ன வீடு கிடைத்தது. ஒரு மாரிக்குளிர் முழுக்க அவளுடைய குரலை நான் கேட்கவில்லை.

பனி கரைகிற நேரம் தொலைபேசி வந்தது.

"அக்கா, அந்தக் குட்டைச்சியின்ரை கடைசிக் கசெற் உன்னட்டை இருக்கோ?"

"இருக்கு."

"கொண்டுவா. சோறு காய்ச்சிறன்."

போனேன். பார்த்தோம். துவாய் விழுந்த இடத்தில் நிற்பாட்டி, பின்னுக்கு ஓட்டி, அவள் அதைத் திரும்பவும் பார்த்தாள்.

"எறிஞ்சவள் அழேல்லை" என்றாள்.

"இல்லை."

"நீயும் அழேல்லை."

"இல்லை."

"என்ரை அடி நல்லா விழுந்ததோ?"

"கொஞ்ச நாள் காது கேக்கேல்லை."

"அப்ப நானும் கெட்டிக்காரிதான்" என்று சிரித்தாள். தாடை இன்னும் முழுதாகத் திறக்காது. மூக்கால்தான் சிரித்தாள்.