கும்பிட்ட கைகள்

சாத்தூர் ரோட்டில் உள்ள ஒரு பட்டாசு கம்பெனியில் என் மகள் கணக்கு எழுதுகிறாள். உள்ளே போகும்போதே போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அன்று மதியம் அந்தத் திசையில் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. அவள் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன்; யாரும் எடுக்கவில்லை.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "எங்கே வெடித்தது? என் மகள் அங்கேதான் இருக்கிறாள். யாருக்காவது தெரியுமா?"

பதிலாகக் கும்பிடும் கைகள் வந்தன. 🙏 ஒருவர் பின் ஒருவராக அதையே போட்டார்கள். ஒரு வார்த்தைகூட இல்லை. போன வாரம் ஒரு மரணச் செய்திக்கும் இதே கைகளைத்தான் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, என்னிடம்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுப்படித் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்தேன்.

பிறகு மகள் வாட்ச்மேன் போனிலிருந்து கூப்பிட்டாள். "பக்கத்து கம்பெனிலம்மா. சாப்பாட்டு நேரம், உள்ள ஆளில்ல. ஏம்மா இப்படி அழுற?"

மறுநாள், அந்தக் கைகளைப் போட்டிருந்த சித்தி மகளிடம் ஏன் என்று கேட்டே விட்டேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு கும்பிட்டேன்க்கா. நீங்க தப்பா எடுத்துக்கிட்டீக!"

"போன வாரம் துட்டிச் சேதிக்கும் இதத்தானடி போட்டே? அம்புட்டுப் பேருல ஒருத்திக்குக்கூட எனக்குப் போன் போடத் தோணலையா?"



மகள் நலம் என்று குழுவில் எழுதினேன். அதற்கும் அதே கைகள் வரிசையாக வந்தன. இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. இப்போதெல்லாம் சத்தம் கேட்டால், எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறது என்று யோசித்து, அந்த வீட்டுக்கே நடந்துவிடுகிறேன்.