நார்வே என்று எழுதாத ஒன்பது பெட்டிகள்

எஃபி மெக்கின்னன் குளிர்ந்த கடல்நீர்த் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு இறாலை எடுத்தாள். பிளாஸ்டிக் குழாய்க்குள் இறக்கினாள். அடுத்ததை எடுத்தாள். வால் கீழே, தலை மேலே, குழாய்க்கு ஒன்று. இரண்டைச் சேர்த்துப் போட்டால் கொடுக்கால் கிழித்துக்கொண்டு சாகும். ஒவ்வொன்றும் கையளவு நீளம், ஆரஞ்சு நிறம், ஒட்டடைக்கம்புபோல் மெலிந்து நீண்ட இரண்டு கொடுக்குகள். ஈரம் காயாமல் குளிரில் வைத்தால் நான்கு நாள் உயிரோடிருக்கும். ஐந்தாம் நாள் இருக்காது. அவளுடைய பிழைப்பு அந்த நான்கு நாளுக்குள் நடந்தது.

விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. கையுறை போட்டால் எது துவண்டது, எது துடிப்பாக இருக்கிறது என்று தெரியாது என்பாள். ஐம்பத்தாறு வயதில் அந்த விரல்களுக்குப் பெரிய வைத்தியம் கிடையாது. வெந்நீரில் கையை வைக்கலாம், வேலையை நிறுத்தலாம். முதலாவதை மட்டும் அவள் செய்தாள்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்வெய்ல் துறைதான் அவள் பிறந்த ஊர். பதினாறு வயதில் இறால் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். கல்யாணம் செய்துகொண்டவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று கிழக்குக் கரைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான். அவள் தேடிப் போகவுமில்லை, திட்டவுமில்லை. தாய் ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தாள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, ஒரு படுக்கைப்புண் வரவிடவில்லை. அப்படிப்பட்டவளுக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஆறு வருஷத்திலும் விடியற்காலையில் கொட்டகைக்கு வந்து, தம்பி லாக்லனின் படகும் இன்னும் இரண்டு படகுகளும் கொண்டுவரும் இறாலை வாங்கி, குழாயில் அடுக்கி, ஸ்பெயினுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

வாங்குகிறவள் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் மீன்கடை வைத்திருக்கும் பெகோன்யா. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எஃபிக்கு ஸ்பானிய மொழி அரைகுறை, பெகோன்யாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. எப்படியோ பேசிக்கொள்வார்கள். முன்பெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுதான்: பெயர், எடை, ஊர். லாரி கிளம்பினால் மூன்றாம் நாள் காலையில் பெகோன்யா கடைப்பலகையில் இறால் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும்.

நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு முழுதாக வெளியேறி இது ஏழாவது வாரம். பிடித்ததற்கு ஒரு சான்றிதழ், நோயில்லை என்பதற்கு ஒன்று, சுங்கத்துக்கு ஒன்று. போன மாதம் அனுப்பிய சரக்கு, சான்றிதழின் ஏழாம் பக்கத்தில் முத்திரை விழவில்லை என்று கடல் தாண்டியதும் நிறுத்தப்பட்டு, போய்ச் சேர்ந்தபோது எல்லாம் செத்திருந்தது.

முந்தின நாள் பெகோன்யா போனில் தெளிவாகவே சொல்லிவிட்டாள்.

"எஃபி, உன்மேல எனக்குக் கோபமில்ல. ஆனா செத்ததை வச்சுக்கிட்டு நான் என்னடி கடை நடத்துறது? வெள்ளிக்கிழமை காலைல உயிரோட வந்துச்சுன்னா, எப்பவும்போல நீதான். வரலன்னா ஐரிஷ்காரங்ககிட்ட போயிடுவேன். அவங்க ஒன்றியத்துலயே இருக்காங்க, காகிதமே வேணாமாம்."

"அவங்களும் இதே கடல்லதாண்டி பிடிக்கிறாங்க. அரை நாள் தெக்கால போனா அவங்க படகு தெரியும்."

"எனக்குத் தெரியாதா? லாரிய நிறுத்துறவனுக்குச் சொல்லு."

 நியாயம் பெகோன்யா பக்கம்தான் என்று எஃபிக்குத் தெரியும்.

இப்போது கடைசிக் கூடையைத் தூக்கிக்கொண்டு லாக்லன் கொட்டகைக்குள் வந்தான். நீர்புகா உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னக்கா, எல்லாம் ரெடியா? இறாலுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுத்தாச்சா?"

"சிரிடா. ஒன்றியத்தை விட்டு வெளியேறணும்னு ஓட்டுப் போட்ட புண்ணியவான் நீதானே."

"நான் மீனுக்காகப் போட்டேன். கடல் நமக்கே நமக்குன்னு சொன்னாங்க. காகிதத்துக்கா போட்டேன்?"

"கடலை நீயே வச்சுக்க. இப்ப அந்த மூடியைப் பிடி."

ஒன்பது பெட்டி. காலை ஒன்பது மணிக்குக் குளிர்வண்டி ஏற்றிக்கொண்டு போனது. நான்கு மணி நேரம் தெற்கே ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. அங்கே கால்நடை மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், மாலை ஐந்து மணிக்குப் பெரிய லாரி ஸ்பெயினுக்குக் கிளம்பும்.

போன தடவை காகிதங்களை ஒரு ஏஜென்ட் எழுதினான். இப்போது கரை முழுக்க இருப்பவர்கள் அவனையே பிடித்துக்கொண்டதால் போனையே எடுப்பதில்லை. எனவே எஃபி தானே கணினி முன் உட்கார்ந்து எழுதியிருந்தாள். நான்கு முறை சரிபார்த்தாள். ஏழாம் பக்கத்தை ஆறு முறை பார்த்தாள்.

மதியம் ஒன்றரை மணிக்கு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கிடங்கிலிருந்து மருத்துவர் ஓனா. ருமேனியாக்காரி, சின்ன வயது. ஏழு வாரமாகப் பெட்டி திறந்து பார்ப்பதும் கையெழுத்திடுவதும் தவிர அவளுக்கு வேறு வாழ்க்கை இல்லை. முகக்கவசத்துக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது.

"எஃபி மேடம், உங்க பெட்டியைத் திறந்தேன். காகிதத்துல இறால்னு இருக்கு. பெட்டிக்குள்ள இறால் இல்லியே."

"இறால் இல்லாம? நான்தானே டாக்டரம்மா ஒவ்வொண்ணா கையால எடுத்து வச்சேன்."

"இது நார்வே சிங்கி, மேடம்."

எஃபிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

ஆர்ட்வெய்லில் அதற்கு இறால் என்றுதான் பெயர். படகுக்காரன் இறால் என்பான், கொட்டகைப் பலகையில் இறால் என்று எழுதியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் கடலில் போனவர்களுக்காக ஜெபிக்கும்போதும் இறால் படகு என்றே சொல்வார். வெளியே உலகத்தில் அது கெட்டி ஓடும் நீண்ட கொடுக்கும் உள்ள சிங்கி இனம். இறால் என்பது வேறு பிராணி. கணினிப் பட்டியலில் இறால் என்ற சொல்லுக்கு எதிரே நாலைந்து வரி வந்தது. அவள் பெரியதாகத் தோன்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். 'நார்வே சிங்கி' என்ற வரியும் அவள் கண்ணில் பட்டதுதான். நார்வேக்காரன் பிடித்தது நமக்கெதற்கு என்று தாண்டிப் போய்விட்டாள். அவளுடைய சரக்கு ஸ்காட்லாந்துச் சரக்கு. நார்வேயென்று எழுதினால் அதற்கும் ஒரு கேஸ் போடுவார்கள் என்று பயம் வேறு.

"பேரை மட்டும் மாத்தி எழுதிக்குங்க டாக்டரம்மா."

"என்னால முடியாது மேடம். பிடிச்சதுக்கான சான்றிதழை நீங்கதான் மாத்தணும். புது நம்பர் வந்தா அஞ்சு நிமிஷத்துல நான் கையெழுத்துப் போட்டுர்றேன். நாலரைக்குள்ள வாங்கிடுங்க."

மூன்று மணி நேரம் இருந்தது. எஃபி கணினியைத் திறந்து புதுச் சான்றிதழுக்கு எழுதினாள். இந்தத் தடவை நார்வே சிங்கி என்று. படகின் பெயர், எடை, கரைக்கு வந்த நாள். பொத்தானை அழுத்தினாள். 'இந்தப் படகு அன்று பிடித்தது முழுவதும் ஏற்கெனவே ஏற்றுமதியாகிவிட்டது. மீதம் இல்லை' என்று பதில் வந்தது.

உதவி எண்ணை அழைத்தாள். காத்திருக்கச் சொல்லி நாற்பத்தைந்து நிமிடம் வயலின் வாசித்தார்கள். பிறகு தெற்கத்தி உச்சரிப்பில் ஒரு பையன் பேசினான்.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?"

"பேரைத் தப்பா எழுதிட்டேன்ப்பா. இறால்னு எழுதிட்டேன்."

"சரி. என்ன சரக்கு அனுப்புறீங்க?"

"இறால்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப சரியாத்தானே இருக்கு மேடம்?"

"இல்லப்பா, இது நார்வே சிங்கி."

"நார்வேல பிடிச்சதா?"

"நார்வேய நான் கண்ணால பார்த்ததில்ல! என் தம்பி இங்க, ஜன்னல் வழியா தெரியுற கடல்ல பிடிச்சது. பேருதான் நார்வே."

"அப்ப நீங்க ஏன் இறால்னு சொல்றீங்க?"

"உங்க ஆபீஸைவிட்டு இங்க வந்து கேட்டுப் பாரு, தம்பி. இந்தக் கரைல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்."

எஃபி பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தினால் காரியம் நடக்காது. நோயாளியிடமும் நடக்காது, அதிகாரியிடமும் நடக்காது. முதலிலிருந்து மெதுவாகச் சொன்னாள். பையன் நல்லவன்தான், கேட்டுக்கொண்டான். பழைய சான்றிதழை ரத்துசெய்தால்தான் படகின் எடை திரும்ப வரும், அப்போதுதான் புதியது எடுக்கலாம், ரத்துசெய்யும் மனுவை இன்னொரு பிரிவு பார்க்கும் என்றான்.

"எப்ப பார்ப்பாங்க?"

"நாளைக்குக் காலைல பார்த்துருவாங்க மேடம்."

"இது மேசை நாற்காலி இல்லப்பா. உயிரோட இருக்குற பொருள்."

"புரியுது மேடம். குறிப்புல எழுதிடுறேன்."

மணி நாலே கால். ஓனாவை அழைத்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பெட்டியை நீங்க திறக்கவேயில்லன்னு வச்சுக்கங்களேன்."

 பின்னால் பாரந்தூக்கி வண்டிகள் கீச்சிடும் சத்தம் கேட்டது.

"மேடம், இந்த லாரில உங்க சரக்கு மட்டும் இல்ல. இன்னும் பதினோரு பேரோடது இருக்கு. அந்தப் பக்கம் ஒரு பெட்டி தப்பா இருந்தா மொத்த லாரியும் நிக்கும். உங்களுக்காக நான் போட்டுரலாம். மத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

பதினோரு பேரில் பாதிப் பேரை எஃபிக்குப் பெயர் சொல்லித் தெரியும். போன மாதம் தன்னுடைய சரக்கு யாரோ ஒருவருடைய காகிதத்தால் நின்றிருந்தால் என்ன சொல்லித் திட்டியிருப்பாள் என்றும் தெரியும்.

"இறக்கிடுங்க," என்றாள். "குளிர்ல வைங்க. மேல ஈரத்துணி போடச் சொல்லுங்க, கதவோரம் வைக்கச் சொல்லாதீங்க. வடக்க வர்ற காலி வண்டில திருப்பி அனுப்புங்க."

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"நீங்க என்ன பண்ணுவீங்க? சாப்டீங்களா?"

"இல்ல."

"முதல்ல போய்ச் சாப்பிடுங்க."

போனை வைத்தபின் ரொட்டி காய்ந்துபோய்க் கிடந்தது. அதைப் பறவைகளுக்கு வீசினாள். தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களைச் சாப்பிடச் சொல்பவர்களுக்கு இதுவொரு வியாதி.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு லாக்லன் வந்தான். துறையில் சேதி அதற்குள் பரவியிருந்தது. கதவருகிலேயே நின்றான்.

"நார்வேயா? நம்ம இறாலுக்கா? யாருக்கா அப்படிப் பேர் வச்சது?"

"வச்சவன் செத்து நூறு வருஷமாச்சு. அவனை விடு."

"ஏஜென்ட்டே எழுதியிருந்தா..."

"ஏஜென்ட் போன் எடுக்கல. நான் எழுதினேன். தப்பு என்னோடது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா லாக்லன், நாற்பது வருஷமா அதை இறால்னு சொல்லித்தான் வித்தேன். வாங்கினவளுக்குப் புரிஞ்சுது, சமைச்சவளுக்குப் புரிஞ்சுது. ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வரல. இப்ப திடீர்னு நான் பொய் சொல்றவளாயிட்டேன்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். "நான் அந்த ஓட்டைப் போடாம இருந்திருந்தாலும்..."

"ஒரு ஓட்டால ஒண்ணும் ஆயிருக்காது. தெரியும். அதனால உன்னைத் திட்டாம இருக்க முடியாது. உக்காரு, சூப் இருக்கு."

இருவரும் சாப்பிட்டார்கள். போகும்போது அவன் கேட்டான்: "பெகோன்யாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. காலைல சொல்றேன். இப்ப சொன்னா தூங்கமாட்டா."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஸ்பெயினில் ஏழு மணிக்கு, எஃபி பெகோன்யாவை அழைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. சரக்கு வரவில்லை, தப்பு இங்கேதான் என்றாள். பெகோன்யா ஏதோ சொல்ல ஆரம்பித்ததும் எஃபி நிறுத்தினாள்.

"பேசறதுக்கு நேரமில்ல. வெள்ளிக்கிழமைக்கு உனக்குச் சரக்கு வேணும். எழுதிக்க." ஐரிஷ் பக்கம் டொனகால் கரையில் இறால் அடுக்கும் ஃபின்டன் என்பவனின் எண்ணைச் சொன்னாள். "வேற ஆள்கிட்ட போகாத. மத்தவங்க வலைல இழுத்து நசுங்கினதைப் பொறிக்கூட்டுல பிடிச்சதுன்னு உன் தலைல கட்டிருவாங்க. இவன் கூட்டுலதான் பிடிப்பான், வாலைக் கீழ வச்சுத்தான் அடுக்குவான். நான் சொன்னேன்னு சொல்லு."

பெகோன்யா எண்ணைத் திருப்பிப் படித்துக் காட்டினாள்.

"அப்புறம் நீ, எஃபி?"

"ஒன்பது மணிக்குக் கூப்பிட்டா அவன் கடல்ல இருப்பான். இப்பவே கூப்பிடு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எட்டரைக்குக் காலி வண்டி ஒன்பது பெட்டிகளையும் கொண்டுவந்து இறக்கியது. லாக்லன் அன்று கடலுக்குப் போகவில்லை. இருவரும் குழாய் குழாயாக உருவினார்கள். தொட்டதும் வாலை மடக்கினால் உயிருள்ளது, ஒரு கூடைக்கு; மடக்காதது செத்தது, வாளிக்கு. பெரும்பாலும் உயிரோடுதான் இருந்தன. உயிருள்ளவற்றை மூடி வைத்த கூடுகளில் போட்டு, துறையின் கீழே ஆழமான இடத்தில் இறக்கி, கயிற்றை இரும்பு வளையத்தில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். பத்து மணிக்குப் பழைய சான்றிதழ் ரத்தாகிவிட்டது என்று கணினியில் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு இனி அது உதவாது; எஃபி படித்துவிட்டு மூடினாள்.

செத்தவற்றின் வாலைக் கிள்ளிச் சுத்தம்செய்து, பாதியை லாக்லனிடம் கொடுத்தாள். மீதியைத் தெருக்கோடியில் தனியாக இருக்கும் இரண்டு கிழவர்களுக்கு எடுத்து வைத்தாள். பிறகு வெந்நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து, கொட்டகைத் தரையைச் சுவரோரத்திலிருந்து வாசல்வரை தேய்த்துக் கழுவினாள்.